தூய்மைச் சொல் ஒன்றின் வரலாறு

ஆங்கில நாளிதழ்களைப் படிக்கும் பழக்கமுடைய மாணவர்கள் ஒரு தொடரைப் பலமுறை கண்டிருப்பார்கள். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் தமிழ்நாட்டு மேடையேறித் தமிழில் நான்கு தொடர் பேசிவிட்டால், மறுநாள் இதழில் அவர் 'சேஸ்ட்' தமிழில் பேசினார் என்று செய்தி வரும். இந்திக்கும் உருதுவுக்கும் இதே அடைமொழி வழங்குவதுண்டு. பொருள் தெரியாத மாணவன் அகராதியைப் புரட்டினால் திகைத்துப் போவான். அங்கே முதற்கண் நிற்கும் பொருள் 'கற்புடைய' என்பது. மொழிக்குக் கற்பு உண்டா? உண்டென்றால் அதைக் காப்பவர் யார், அழிப்பவர் யார்? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால் உரோமாபுரி, தொலேதோ, கோவா, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் எனப் பல ஊர்களைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. இன்று அப்பயணத்தையே மேற்கொள்வோம்.

'சேஸ்ட்' என்பது ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திற் புகுந்தது. அதன் மூலம் 'காஸ்துஸ்' என்னும் இலத்தீன் சொல். இதன் அடிப்பொருள் அறுத்தல், பிரித்தல் என்பது மொழிநூலார் பலருடைய கருத்து. குற்றத்தினின்றும் பிரிந்து நிற்பவன், வழிபாட்டின்பொருட்டுச் சிலவற்றை விலக்கி நோன்பு நிற்பவன் 'காஸ்துஸ்' எனப்பட்டான். ஆகவே தொடக்கத்தில் இஃது உடலைப் பற்றிய சொல்லாக மட்டும் இருக்கவில்லை. கோயிலைப் பற்றிய சொல்லாகவும் இருந்தது. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒப்ப வழங்கிற்று. கிறித்தவம் ஐரோப்பாவிற் பரவிய பின்னரே துறவியின் நோன்பையும் மனைவியின் உறுதியையும் சிறப்பாகக் குறிக்கும் சொல்லாக அது குறுகிற்று.

ஒரு சொல்லின் குணத்தை அறிய அதன் உறவினரை விசாரிப்பது நல்லது. பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்வதும் அதுதானே! 'காஸ்துஸ்' என்பதோடு செய்தல், செலுத்துதல் என்னும் பொருளுடைய வினை சேர்ந்து 'காஸ்திகாரே' ஆயிற்று. தூய்மையாக்குதல் என்பது அதன் பொருள். ஆனால் தூய்மையாக்கும் வழியாகப் பிரம்பே நினைக்கப்பட்டமையால், தண்டித்தல், கடிந்துரைத்தல் என்னும் பொருள்களே நிலைத்தன. 'சேஸ்டைஸ்', 'காஸ்டிகேட்' என்னும் ஆங்கிலச் சொற்கள் அதன் வழிவந்தவை. எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த 'இன்கெஸ்துஸ்' என்பதிலிருந்து முறைகெட்ட உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிறந்தது. தூய்மை, தண்டனை, முறைகேடு ஆகிய மூன்றும் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன.

மொழிக்கு இவ்வடை எப்படி வந்தது? 1755ஆம் ஆண்டில் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதியைப் பார்த்தால் விளங்கும். உடல் ஒழுக்கத்தைச் சொன்ன பிறகு, மொழியைப் பற்றிக் கூறும்போது, கெடாததும் அயற்கூறுகள் கலவாததுமாகிய நடை என்று இச்சொல்லுக்கு அவர் பொருள் கொடுத்துள்ளார். அக்காலத்து ஆங்கில எழுத்தாளர்கள் அணியும் ஆரவாரமும் அற்ற நடையை இச்சொல்லால் புகழ்ந்தார்கள். வேலைப்பாடு மிகாத கட்டடத்தையும் இவ்வாறே புகழ்ந்தார்கள். அவர்களிடம் ஆங்கிலம் பயின்ற நம்மவர் இச்சொல்லை இறுகப் பற்றிக்கொண்டனர். பிறந்த வீட்டில் அருகிப்போன வழக்கு, புகுந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இதனைச் 'செந்தமிழ்' என்று மொழிபெயர்த்தால் முற்றும் பொருந்துமா? இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். செந்தமிழ் என்பதிலுள்ள செம்மை நேர்மையைக் குறிக்கும். அதற்கு எதிரான கொடுந்தமிழில் உள்ள கொடுமை வளைவைக் குறிக்கும். நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல் என்பதை ஒப்பிட்டால் விளங்கும். நம் முன்னோர் மனக்கண்முன் நின்ற உருவம் நேர்கோடும் வளைகோடுமே. கலந்த பாலும் கலவாத பாலும் அல்ல. தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வடசொல் தமிழுக்குள் வரலாம். ஆனால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை உடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று விதி செய்தார். வாயிலை அடைத்துவிடாமல், வருபவனை முறைப்படி நுழையச் செய்தார் எனலாம். ஜான்சனின் விளக்கத்தைத் தொல்காப்பியனாரிடம் காட்டியிருந்தால் அவர் முழுதும் உடன்பட்டிருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன்.

இவ்விரு தமிழையும் ஐரோப்பியர்க்கு முறையாக விளக்கியவர் வீரமாமுனிவர். இத்தாலியிற் பிறந்து, 1710இல் இந்தியா வந்து, கொள்ளிடத்திற்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் நெடுநாள் வாழ்ந்த அவர், கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் என்பவர் 1822இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, செந்தமிழை உயர்ந்த வழக்கு என்றுதான் பெயர்த்தார். கற்பையோ கலப்பின்மையையோ அவர் தலைப்பில் வைக்கவில்லை.

கலப்பின்மையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கம் 1916ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. சுவாமி வேதாசலம் தம் பெயரையே மறைமலை அடிகள் என மாற்றிக்கொண்டார். அவ்வியக்கத்தார் தேர்ந்த பெயர் தனித்தமிழ் என்பது. தனி என்றால் பிறவற்றினின்றும் பிரிந்தது. உரோமாபுரியின் பழைய 'காஸ்துஸ்' என்பதற்கு, அறிந்தோ அறியாமலோ, நம் மொழியில் மிக நெருங்கி வந்த சொல் இதுவே. இவ்வியக்கத்தின் பெரும் சொல்லாய்வாளராகிய தேவநேயப் பாவாணர் திருச்சிராப்பள்ளியில், பிஷப் ஹீபர் பெயர் தாங்கிய உயர்நிலைப்பள்ளியில், தமிழாசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய 'ஒப்பியன் மொழிநூல்' 1940இல் வெளிவந்தது. அந்த ஹீபர் யார் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இனி, இச்சொல்லின் மற்றொரு கிளைக்கு வருவோம். என் உள்ளத்தை மிகவும் வருத்துவதும் இக்கிளையே.

ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் 'காஸ்தா' என்றொரு சொல் உண்டு. இனம், குலம், வழி என்பன அதன் பொருள். இதுவும் 'காஸ்துஸ்' என்பதன் பெண்பால் வடிவமே, கலப்பற்ற வழி என்னும் கருத்தில் வந்தது என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டு வருகிறது. கொரோமினாஸ் என்னும் அறிஞர் இதனை மறுத்து, விலங்குக் கூட்டத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லொன்றை மூலமாகக் காட்டினார். எது மூலமாயினும், அந்நாட்டு மக்கள் உள்ளத்தில் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. 1611இல் கோவரூபியாஸ் தொகுத்த ஸ்பானிய அகராதி, 'காஸ்தா' என்பதை உயர்ந்த தூய வழிமரபு என்றே விளக்குகிறது. குதிரைக்கும் காளைக்கும் அச்சொல் வழங்கிற்று. வையம்பட்டியிலிருந்து மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்க்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. நல்ல வழியிற் பிறந்த மாட்டைச் 'சாதி மாடு' என்று நம் உழவர்களும் சொல்வார்கள். மாட்டைப் பொறுத்தவரை அது சுழியும் திமிலும் பார்த்து விலை பேசுகிற காரியம், அவ்வளவோடு முடிந்துவிடும்.

மனிதர்க்கு அதே அளவுகோலைக் கொண்டுவந்தபோதுதான் கேடு சூழ்ந்தது. 1449ஆம் ஆண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தார், யூத மரபிலிருந்து கிறித்தவர்களாக மாறியவர்களும் அவர்தம் வழியினரும் நகரத்துப் பதவிகளை வகிக்கலாகாது என்று கட்டளை பிறப்பித்தார்கள். ஞானஸ்நானம் பெற்றாலும் குருதி தூயதன்று என்பது அவர்கள் வாதம். 'குருதித் தூய்மை' என்னும் இக்கொள்கை பின்னர்த் துறவு மடங்களிலும் கல்லூரிகளிலும் பரவிற்று, போர்த்துக்கலையும் பற்றிற்று. நோன்பினால் ஒருவன் அடைவதாக இருந்த தூய்மை, பிறப்பினால் வாய்ப்பதாக மாறிவிட்டது.

இக்கருத்தைச் சுமந்துகொண்டே போர்த்துக்கீசியர் நம் நாட்டிற்கு வந்தனர். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் கோவா அவர்கள் கைப்பட்டது. இந்நாட்டுச் சமூகத்தில் உண்ணல், மணத்தல், தொழில் செய்தல் ஆகியவற்றில் மக்கள் பிரிந்து நிற்பதைக் கண்டு, தாம் அறிந்த 'காஸ்தா' என்னும் பெயரையே அதற்கு இட்டனர். 1563இல் கோவாவில் அச்சான மருந்துச் சரக்குகள் பற்றிய உரையாடல் நூலில், கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர், இந்நாட்டில் எவனும் தந்தையின் தொழிலை விட்டு விலகுவதில்லை என்றும், செருப்புத் தைப்போர் யாவரும் ஒரே 'காஸ்தா'வினர் என்றும் குறிப்பிடுகிறார். அவர் வரலாற்றை நீங்கள் அவசியம் அறிதல் வேண்டும். ஓர்த்தா யூத மரபில் வந்த கிறித்தவர். 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அவர் 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டே, மறைவில் யூத நெறி பயின்றாள் என்னும் குற்றச்சாட்டின்மேல் அவருடைய தங்கை காத்தரீனா தீயிலிடப்பட்டாள். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். இந்நாட்டு மக்களின் 'காஸ்தா'க்களை எழுதி வைத்த கை, தன் நாட்டாரின் தூய்மை விசாரணைக்கு இறந்த பின்னரும் தப்பவில்லை.

இதே சொல் கடலின் மறுகரையில் வேறொரு விந்தை செய்தது. ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவில், ஐரோப்பியர், அமெரிக்கப் பழங்குடியினர், ஆப்பிரிக்கர் ஆகியோர் கலப்பிற் பிறந்தவர்களையே 'காஸ்தாக்கள்' என்று அழைத்தனர். தூய வழிக்கு இட்ட பெயர் அங்கே கலந்த வழிக்குப் பெயராயிற்று. சொற்களை நம்பி மனிதரை எடைபோடுவது எவ்வளவு பயனற்றது!

போர்த்துக்கீசியரிடமிருந்து ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இச்சொல்லைப் பெற்றனர். நெடுங்காலம் ஈற்றெழுத்தின்றி எழுதி, எறிதல் என்னும் பொருளுடைய தம் பழஞ்சொல்லோடு மயங்க விட்டனர். இன்று நாம் காணும் எழுத்து முறை ஏறக்குறைய 1800ஆம் ஆண்டிற்குப் பின்னரே நிலைபெற்றது. நம்மவர் 'சாதி' என்றதை அவர்கள் 'காஸ்ட்' என்றனர். சாதி என்பதோ பிறப்பை உணர்த்தும் 'ஜாதி' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதன் பகுதியில் தூய்மை என்னும் பொருள் இல்லை. அப்பொருளைக் கொண்ட சொல் கப்பலேறி வந்து அதன் மேல் அமர்ந்தது. இதனால் தீட்டும் விலக்கும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவை இங்கே முன்னரே வேரூன்றியிருந்தன. வந்தவர்கள் பெயர் சூட்டினார்கள், அவ்வளவே.

இப்பொழுது ஹீபரைப் பார்ப்போம். கல்கத்தாவின் ஆங்கிலத் திருச்சபைப் பேராயராகிய ரெஜினால்ட் ஹீபர் 1826இல் தென்னாட்டிற்கு வந்தார். கோயிலில் ஒரு சாராரும் மற்றொரு சாராரும் தனித்தனியே அமர்வது, நற்கருணைக்குத் தனித்தனியே செல்வது போன்ற வழக்கங்கள் தமிழ்க் கிறித்தவர்களிடையே இருந்தன. இவற்றை விடச் சொல்லி வற்புறுத்தலாமா என்பதே அப்போது நடந்த பெரும் வழக்கு. ஹீபர் வினாக்கள் எழுதி விடை கேட்டார். பொறுமையாக நடந்துகொள்ள வேண்டும் என்னும் மனம் உடையவராக இருந்தார். முடிவு காணும் முன்னரே, 1826 ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது உயிர் நீத்தார். அவர் கல்லறை அவ்வூர்த் தூய யோவான் ஆலயத்தில் உள்ளது. பின்னர்ப் பேராயராக வந்த டேனியல் வில்சன், 1833இல், சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் உடனே, முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே விலகினர். புகழ்பெற்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இத்தகைய மாற்றத்தை எதிர்த்து முன்னரே எழுதியிருந்தார். இனிய கீர்த்தனைகள் பாடிய அப்பெரும்புலவர் இவ்வழக்கில் நின்ற பக்கம் சரியான பக்கம் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால், தூய்மையைக் குறிக்கும் வேறொரு சொல்லைக் காணலாம். உறையூரிற் பாணர் குலத்தில் வளர்ந்த ஒருவர், திருவரங்கத் தீவில் அடிவைக்கத் துணியாமல், காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடிவந்தார் என்பது வைணவ மரபு. நீர் எடுக்க வந்த லோகசாரங்கர் என்னும் கோயிற்பணியாளர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்தார். குருதி வடிந்தது. அன்றிரவு அரங்கன் கனவில் தோன்றி, அப்பாணரைத் தோளில் சுமந்து வருமாறு அவருக்கே ஆணையிட்டான். அவ்வாறு சுமக்கப்பட்டுச் சந்நிதியை அடைந்தவரே திருப்பாணாழ்வார். அவர் பாடிய பத்துப் பாசுரங்களுக்கு 'அமலனாதிபிரான்' என்று பெயர். அமலன் என்றால் மலம் அற்றவன், மாசு இல்லாதவன். தீண்டத் தகாதவர் என்று கல்லடி பட்டவர் சந்நிதியில் வாய் திறந்தபோது முதலில் வந்த சொல் இது!

ஆங்கிலத்தில் 'இம்மாக்குலேட்' என்றொரு சொல் உண்டு. மாசு என்னும் பொருளுடைய 'மாக்குலா' என்ற இலத்தீன் சொல்லின் முன் எதிர்மறை சேர்ந்து அது அமைந்தது. அமலன் என்பதும் அதே முறையில் அமைந்ததே. 1854இல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அன்னை மரியாளைப் பற்றிய கோட்பாடு ஒன்றை அறிவித்தார். அதனைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'அமலோற்பவம்' என்றே வழங்குகின்றனர். அரங்கத்துப் பாசுரத்திலும் மாதா கோயில் மன்றாட்டிலும் ஒரே சொல் ஒலிக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. 'அமலனாதிபிரா'னுக்கு வேதாந்த தேசிகர் எழுதிய விரிவுரையாகிய 'முனிவாகன போகம்' மணிப்பிரவாள நடையில் அமைந்தது. மாணிக்கத்தையும் பவளத்தையும் கலந்து கோத்த மாலை என்று தம் கலப்பு நடைக்கு உரையாசிரியர்கள் பெயரிட்டுக்கொண்டார்கள். கலப்பு அவர்களுக்குக் கறையாகத் தோன்றவில்லை. எனக்கு அந்நடை எளிதில் விளங்குவதில்லை என்பது வேறு செய்தி.

இறுதியாகக் கற்பு. தமிழ்ச்சொல்லின் பகுதி 'கல்' என்பது. படி என்பதிலிருந்து படிப்பு வந்தாற்போலக் கல் என்பதிலிருந்து கற்பு வந்தது. தொல்காப்பியத்தில் களவியலை அடுத்துக் கற்பியல் என்னும் இயல் அமைந்துள்ளது. அங்கே கற்பு என்பது சடங்கோடு கொள்ளும் மணவாழ்வையே முதன்மையாகக் குறிக்கிறது. உரோமாபுரிச் சொல் அறுத்துப் பிரிதலைச் சொல்ல, நம் சொல் கற்றலைச் சொல்லிற்று. ஆயினும் காலப்போக்கில் இரண்டு சொற்களும் ஒரே முடிவை அடைந்தன. இருபாலார்க்கும் உரியதாக இருக்கவேண்டிய ஒழுக்கம், பெண் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தப்பட்டது. இதனைப் பாரதியார் தம் பாடலில் வெளிப்படையாக எதிர்த்து, கற்பை இருவர்க்கும் பொதுவாக்கக் கேட்டார்.

உரைநடையில் இவ்வாய்வை மிகக் கூர்மையாகச் செய்தவர் பெரியார் ஈ.வெ. இராமசாமி. 1928 ஜனவரி 8ஆம் நாள் 'குடி அரசு' இதழில் 'கற்பு' என்னும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை, இன்று நாம் செய்துவந்த வேலையையே செய்கிறது. முதலில் தமிழ்ச்சொல்லைப் பகுத்துப் பார்க்கிறார்; சொல் தவறாமை என்னும் பொருளும் அதற்கு உண்டு என்று காட்டுகிறார். பிறகு ஆங்கிலத்தின் 'சேஸ்டிட்டி' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, அது பொதுவில் மனிதத் தன்மையைக் குறிக்கிறதே அன்றிப் பெண்ணை மட்டும் கட்டும் சொல்லாக இல்லை என்று வாதிக்கிறார். அதன்பின் பதிவிரதை என்னும் வடசொல்லுக்கு வந்து, கணவனைத் தெய்வமாகக் கொள்ளும் அடிமைக் கருத்து அங்கே நுழைகிறது என்கிறார். ஆங்கிலச் சொல்லைப் பற்றிய அவர் மதிப்பீடு சற்றுத் தாராளமானது என்பேன். ஐரோப்பாவிலும் அச்சொல்லின் பாரம் பெரும்பாலும் பெண்மீதே ஏற்றப்பட்டது. ஆனால் சட்டத்தையும் சாத்திரத்தையும் எதிர்க்கப் புறப்பட்ட ஒருவர், முதலில் அகராதியைத் திறந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அக்கட்டுரை 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் சிறு நூலின் முதற்பகுதியாக இன்றும் அச்சில் கிடைக்கிறது, நூலகங்களிலும் உண்டு. கல்லூரி மாணவர்கள் அதனை எடுத்து, அவர் மூன்று மொழிச் சொற்களையும் எந்த வரிசையில் நிறுத்தி வாதத்தை வளர்க்கிறார் என்று பார்க்கலாம். சில பக்கங்களே உள்ள கட்டுரை அது. ஒரு மாலைப்பொழுதே அதற்குப் போதும்.